செவலிக்கு ஊசி போடுவதா?

குருவிப்பாறை ஆசிரமத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு தையல்நாயகிக்கு நாற்பத்தாறு. சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்து மூன்று.

தையல்நாயகி பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு இந்தப் பாறைக்கு வந்தார். ஏன் வந்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரும் தையலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு குறைவு. கையில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

ஏகாம்பரம் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். மனைவி இந்திராணி இறந்த அடுத்த வருடம் வீட்டைப் பூட்டினார். சாவியை மகளிடம் கொடுத்தார். ஒரு துணிப்பையும் ஒரு நாயுமாக ஆசிரமத்துப் படியேறி வந்தார். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

நாயின் பெயர் செவலி. செம்மண் நிறத்துப் பெட்டை நாய். இந்திராணி குட்டியிலிருந்து பால் ஊற்றி வளர்த்தது. இப்போது அதற்குப் பதினோரு வயது. இடது முன்னங்காலில், தோள்பட்டைக்குப் பக்கத்தில், எலும்பிலேயே கட்டி. நெஞ்சு வரைக்கும் பரவிவிட்டது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை கால்நடை டாக்டர் ஜெபசீலி வந்து பார்த்தார். கட்டியைத் தொடவில்லை. செவலி நிற்பதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த வலி இனிமே மாத்திரைக்குக் கேக்காது. ஊசிக்கு மாத்தணும்" என்றார்.

"ஊசி போட்டா சரியாயிடுமா?"

"சரியாகாது. வலி அடங்கும். அது பலமான மருந்து, ஏகாம்பரம் சார். மயக்கமாவே கிடக்கும். உங்களைக் கண்டா எழுந்து வராது. அடையாளம் தெரியுமான்னுகூட என்னால சொல்ல முடியாது. மூச்சு மெதுவாகும். வயசான நாய் வேற. சிலது அந்தத் தூக்கத்துலயே போயிடும்."

"போடலைன்னா?"

"இப்படியே இன்னும் பதினஞ்சு இருபது நாள் ஓடும். வலி நாளுக்கு நாள் கூடும். ஒரேயடியா முடிச்சுடலாம்னு போன வாரம் சொன்னேன், நீங்க வேண்டாம்னுட்டீங்க. சரி. ஆனா இதையும் வேண்டாம்னு சொன்னா, என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

ஏகாம்பரம் குனிந்து செவலியின் தலையைத் தடவினார்.

"என் மகளுக்குப் பிரசவம். இன்னைக்கு ராத்திரி நாகர்கோவில் கிளம்பறேன். திரும்பி வர நாலஞ்சு நாள் ஆகும். முதல் ஊசி நானே போட்டு, ஒரு மணி நேரம் பக்கத்துல இருந்து பாக்கணும். மிச்சத்தைத் தையலம்மா பாத்துக்குவாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரேன். அதுக்குள்ள முடிவு பண்ணி வைங்க."

டாக்டர் இறங்கிப் போனதும் ஏகாம்பரம் தையலம்மாவிடம் வந்தார். அவர் கிழிந்த கோணிகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா அம்மா?"

"கேட்டேன்."

"போடலாமா, வேண்டாமா?"

தையலம்மா நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"வேண்டாம்னு நினைக்கிறேன். டாக்டர் சொல்ற அளவுக்கு வலி இல்லைம்மா. நான் போனா வால் ஆட்டுது. கையில வச்சு ஊட்டினா திங்குது. வலியில சாகப்போற நாய் வால் ஆட்டுமா?"

"எப்ப ஆட்டுது?"

"எப்பவும்தான்."

தையலம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். பிறகு கோணியைப் பார்த்தார்.

"வேற காரணம் இருக்கா?"

ஏகாம்பரம் உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் அவர் சொல்லாத ஒன்றை அன்று சொன்னார்.

இந்திராணிக்கும் எலும்பில்தான் வந்தது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஒருநாள் காலை, இட்லியை ஒதுக்கிவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சாயங்காலம் சொல்றேன்" என்றாள் இந்திராணி. மதியம் வலி தாங்க முடியாமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறுக்கினாள். டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். பலமான மருந்து, தூங்குவார்கள், சம்மதமா என்று கேட்டார். ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டார். இந்திராணி தூங்கினாள். மூன்று நாள் தூங்கினாள். பிறகு இல்லை.

"என்ன சொல்ல இருந்தாளோ தெரியாது. அந்தச் சாயங்காலம் வரவே இல்ல. நான்தாம்மா அதை வரவிடாம பண்ணேன். திரும்பவும் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?" என்றார் ஏகாம்பரம்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"இந்திரான்னு பேரைச் சொன்னா செவலி காதைத் தூக்கும். இந்த உலகத்துல அந்தப் பேருக்குக் காதைத் தூக்கற ஜீவன் வேற இல்ல. அதையும் தூங்க வச்சுட்டா?"

தையலம்மா கோணியை மடித்து வைத்தார். எழுந்தார்.

"உங்க துண்டை இங்கயே வச்சுட்டு வாங்க. செருப்பு வேண்டாம். பேசாதீங்க" என்றார்.

செவலி படுக்கும் இடம் மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலை. மாடு இப்போது இல்லை. கொட்டகையை ஒட்டி ஒரு விறகு அறை. நடுவில் மூங்கில் தட்டிதான் சுவர். தையலம்மா நேர்வழியில் போகவில்லை. நாய்க்கு வாசனை எட்டாமல், காற்று எதிரே வீசும்படி பாறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகக் கூட்டிப் போனார். இருவரும் விறகு அறைக்குள் நுழைந்தார்கள். தட்டியில் ஓர் இடத்தில் மூங்கில் விலகியிருந்தது. அங்கே அவரை நிற்கச் சொல்லிக் கை காட்டினார்.

ஏகாம்பரம் கண்ணை வைத்துப் பார்த்தார்.

செவலி நின்றுகொண்டிருந்தது. இடது கால் தரையில் படவில்லை. மெதுவாகப் பின்பக்கத்தைத் தாழ்த்தியது. பாதி தாழ்ந்ததும் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. எழுந்துவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடியும் தாழ்த்தியது. மறுபடியும் எழுந்தது.

ஐந்தாறு தடவை அப்படிச் செய்தது. பிறகு படுக்கும் ஆசையை விட்டுவிட்டது போல, மூலைக்குப் போய் நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றது. வாய் திறந்திருந்தது. வெயில் இல்லை, ஓடவும் இல்லை, ஆனால் மைல் கணக்கில் ஓடிவந்த நாய் போல இரைத்தது. எச்சில் நூலாக இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

கொஞ்ச நேரம் போனது. செவலி அப்படியே நின்றது. பின்னங்கால்கள் நடுங்கின. கண்ணை மூடித் தூங்கப் பார்த்தது. தூக்கத்தில் உடம்பு சாயும்போது வலி எழுப்பிவிட்டது. திடுக்கிட்டு நிமிர்ந்தது. மறுபடியும் நெற்றியைச் சுவரில் வைத்தது.

ஏகாம்பரம் திரும்பினார். போகலாம் என்று சைகை செய்தார். தையலம்மா அசையவில்லை. இன்னும் பாருங்கள் என்பது போல நின்றார்.

அவரால் முடியவில்லை. "செவலி" என்று குரல் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லுக்கு நாய் மாறியதை அவர் தட்டி வழியாகப் பார்த்தார். நெற்றி சுவரை விட்டு வந்தது. வாய் மூடியது. எங்கிருந்து குரல் வந்தது என்று காது தேடியது. பிறகு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் வழக்கமாக உள்ளே வரும் அந்த வாசலைப் பார்த்து, வால் ஆட்டத் தொடங்கியது. மூன்று காலில் நடுங்கிக்கொண்டே ஆட்டியது.

ஏகாம்பரம் விறகு அறையை விட்டு வெளியே வந்தார். முகம் கறுத்திருந்தது.

"இது உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"நாலு நாளா."

"நாலு நாளா! ஏன் சொல்லல?"

"செவ்வாய்க்கிழமை சொன்னேன். நாய் தூங்கறதே இல்லைங்கன்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"வால் ஆட்டுதேன்னு சொன்னீங்க."

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அது எதிரே நின்றவர் மேல் போனது.

"இப்படித்தான் சொல்லித் தரணுமா? ஒளிஞ்சு நின்னு பாக்க வச்சு? நர்ஸா இருந்து இருந்து உங்களுக்கு மனசு மரத்துப் போச்சா?"

தையலம்மா வானத்தை நிமிர்ந்து பார்த்தார். "மணி பதினொண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மதியம் ஏகாம்பரம் சாப்பிடவில்லை. கொட்டகைக்குப் போகலாம் என்று எழுவார். தான் போனால் நாய் வால் ஆட்டும் என்பது நினைவுக்கு வரும். உட்கார்ந்துவிடுவார். போகாமல் இருந்தால் அது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அதுவும் நினைவுக்கு வரும். எழுந்துவிடுவார்.

மூன்று மணிக்குத் தையலம்மாவைத் தேடி வந்தார். அவர் சமையல்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்."

"மாட்டேன்."

"குருன்னுதானே உங்ககிட்ட வந்தேன்?"

"நான் போடுங்கன்னு சொல்லி, நாளைக்கு செவலி போயிட்டா, என்னால போனாள்னு சொல்வீங்க. போடாதீங்கன்னு சொல்லி அவ கஷ்டப்பட்டா, என்னால கஷ்டப்பட்டாள்னு சொல்வீங்க. அதுக்கா வந்தீங்க?"

ஏகாம்பரம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் பாத்தேன். மச்சான் இருந்தான். மக இருந்தா. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாங்க" என்றார்.

தையலம்மாவின் கை நின்றது. சாம்பல் பூசிய கையோடு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன். இது பதில் இல்ல. நான் பாத்தது."

"சொல்லுங்க."

"வார்டுல ஒருத்தர் இருந்தார். பெரிய குடும்பம். அஞ்சு பிள்ளைங்க. அப்பா கடைசியா ஏதாவது சொல்லுவார், அதனால தூங்கற மருந்து வேண்டாம்னுட்டாங்க. கட்டிலைச் சுத்தி அஞ்சு பேரும் நின்னாங்க. ஒரு நாள் முழுக்க நின்னாங்க."

"சொன்னாரா?"

"சொன்னார். விளக்கை அணைங்கன்னு சொன்னார். திருப்பிப் படுக்க வைங்கன்னு சொன்னார். அப்புறம் அவங்க அம்மாவைக் கூப்பிட்டார். சாகற வரைக்கும் அம்மாவையேதான் கூப்பிட்டார்."

ஏகாம்பரம் நிலையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப இந்திராணியும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாள்ங்கறீங்களா?"

"அவங்க என்ன சொல்ல இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன்."

தையலம்மா மறுபடியும் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்கே முக்காலுக்குக் கீழே டாக்டரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. குருவிப்பாறைக்கு நூற்று நாற்பது படி. டாக்டர் ஏறி வருவதற்குள் ஏகாம்பரம் கொட்டகைக்குப் போய்விட்டார். செவலி அவரைக் கண்டதும் வாலை ஆட்டியது.

"ஆட்டாதம்மா. எனக்காக ஆட்டாத" என்றார்.

அவர் குரல் கேட்ட சந்தோஷத்தில் செவலி இன்னும் வேகமாக ஆட்டியது.

டாக்டர் பையோடு உள்ளே வந்தார். பின்னால் தையலம்மா வந்து கொட்டகைக் காலில் சாய்ந்து நின்றார்.

"என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

ஏகாம்பரம் செவலியின் தலையில் கை வைத்திருந்தார். கைக்குக் கீழே அந்தத் தலை சூடாக இருந்தது. அது அவரையே பார்த்தது. அந்தக் கண்ணில் அவர் யார் என்று தெரிந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அது தெரியாமல் போகலாம்.

"வேண்டாம்" என்றார்.

"சார்..."

"வேண்டாம் டாக்டர். தூங்க வச்சு அனுப்ப என்னால முடியாது. ஒரு தடவை செஞ்சுட்டேன். நீங்க கிளம்புங்க. மகளைப் போய்ப் பாருங்க."

டாக்டர் தையலம்மாவைப் பார்த்தார். தையலம்மா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்று டாக்டர் பையை மூடினார். "மாத்திரையைத் தொடருங்க. வேற என்ன சொல்றது."

அவர் படி இறங்கும் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் தையலம்மாவைப் பார்த்தார்.

"தப்புன்னு சொல்லுங்களேன்."

தையலம்மாவின் கை கொட்டகைக் காலை இறுகப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஏகாம்பரம் அதைப் பார்த்தார். இந்த அம்மாள் இதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் முகம் கழுவப் போவதற்காக எழுந்தார். எழுந்ததும் செவலியும் கூடவே வரப் பார்த்தது. அவர் எங்கே கிளம்பினாலும் கொஞ்ச தூரமாவது கூட வருவது அதன் வழக்கம். ஓரடி வைத்தது. இரண்டாம் அடிக்குப் பழக்கத்தில் இடது காலையும் ஊன்றிவிட்டது.

கால் மடங்கியது. மோவாய் தரையில் மோத விழுந்தது. உடம்பு வில்லாக வளைந்து விறைத்தது. வாய் அகலமாகத் திறந்தது. கத்தப்போகிறது என்று ஏகாம்பரம் நினைத்தார். கத்தவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே, விழுந்த இடத்தில் கிடந்தபடி, வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. இன்னொரு தட்டுத் தட்டியது.

ஏகாம்பரம் ஓடினார்.

முழங்கால் தேய்ந்த மனிதர். ஒரு படிக்கு இரண்டு மூச்சு வாங்குகிறவர். அன்று நூற்று நாற்பது படியையும் வெறுங்காலோடு, கைப்பிடி பிடிக்காமல் இறங்கினார். "டாக்டர்! டாக்டரம்மா!" என்று கத்திக்கொண்டே இறங்கினார். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. பாதை அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். அவர் கடைசிப் படிகளை விட்டுவிட்டு முள்ளுக்குள் குறுக்கே பாய்ந்து ரோட்டுக்கு வந்தார். முப்பத்தோரு வருடமாகத் தன் பஸ்ஸுக்கு முன்னால் ஆட்கள் கையை விரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத் திட்டியவர், ரோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

ஸ்கூட்டர் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"போடுங்க" என்றார். வேறு எதுவும் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.

ஊசி சின்னதுதான். டாக்டர் அளவை இரண்டு முறை சரிபார்த்தார். பிடரித் தோலைத் தூக்கிப் பிடிக்கும்படி ஏகாம்பரத்திடம் சொன்னார். அவர் கை நடுங்கியது. தையலம்மா தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டார். ஊசி இறங்கியது.

"இனி மூச்சைப் பாருங்க. நிமிஷத்துக்குப் பத்துக்குக் கீழ போகக் கூடாது. போனா சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மூவரும் உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். நாயின் விலாவைப் பார்த்து எண்ணினார். முதலில் எண்ண முடியாத வேகத்தில் அடித்தது. பிறகு நாற்பது. பிறகு இருபத்தெட்டு. பதினெட்டு.

"குறையுதே."

"குறையும்" என்றார் டாக்டர்.

பதினான்கு. பதின்மூன்று. நாயின் கண் பாதி மூடியது. வால் நின்றுவிட்டது. ஏகாம்பரம் குனிந்து அதன் காதருகே, "இந்திரா" என்றார்.

காது அசையவில்லை.

அவர் நிமிர்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. மறுபடியும் விலாவைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டு. அடுத்த நிமிடமும் பன்னிரண்டு. பதினொன்று. டாக்டர் முன்னால் நகர்ந்து நாயின் ஈறைப் பார்த்தார். மறுபடியும் பன்னிரண்டு.

அப்போது செவலி அசைந்தது. மடங்கிக் கிடந்த உடம்பை மெதுவாக ஒருபக்கமாகச் சாய்த்தது. விலாவைக் கீழே விரித்திருந்த கோணியில் விட்டது. நான்கு காலையும், அந்த இடது காலையும் சேர்த்து, நீளமாக நீட்டியது. அதன் வயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு தூங்கிவிட்டது.

அந்த நாய் அப்படிக் காலை நீட்டிப் படுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஏகாம்பரம் நினைத்துப் பார்த்தார். அவருக்கு நினைவு வரவில்லை.

ஆறரை மணிக்கு டாக்டர் கிளம்பினார்.

செவலி அந்த இரவு சாகவில்லை. அடுத்த நாள் கண்ணைத் திறந்தது. ஏகாம்பரம் முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். அவரைப் பார்த்தது. வேறு ஏதோ ஒன்றைப் பார்ப்பது போலத்தான் பார்த்தது. தண்ணீரை நக்கிவிட்டுத் தூங்கியது. அவர் வெளியே போய்ப் பாறைமேல் உட்கார்ந்து அழுதார். தையலம்மா பார்த்தார். கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு வாய் தயிர்சாதம் தின்றது. ஐந்தாம் நாள் தூக்கத்தில் கால்களை உதைத்தது, எதையோ துரத்துவது போல. டாக்டர் ஊரிலிருந்து போன் செய்து, பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, மருந்தின் அளவைக் கொஞ்சம் மாற்றச் சொன்னார். ஊசியைத் தையலம்மா போட்டார். பிடரியை ஏகாம்பரம் பிடித்துக்கொண்டார். இப்போது கை நடுங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை அவர் குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போனார். திரும்பி வந்தபோது செவலி அதே இடத்தில், அதே பக்கமாக, காலை நீட்டிப் படுத்திருந்தது. விலா அசையவில்லை.

அவரே குழி தோண்டினார். தையலம்மா மண்ணைக் கூடையில் வாரிக் கொட்டினார். குழியை மூடி முடிக்க உச்சிவெயில் ஆகிவிட்டது. இருவரும் புங்கமர நிழலில் உட்கார்ந்தார்கள்.

ஏகாம்பரம் கையிலிருந்த மண்ணைத் தட்டவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"அன்னைக்குப் படியில ஓடினேனே, அது செவலிக்காக இல்லைம்மா. அவ அப்படி விழுந்து கிடக்கறதை என்னால பாக்க முடியல. அந்த நிமிஷத்துல எனக்குத்தான் தாங்க முடியல. அது நின்னா போதும்னு ஓடினேன். அவளுக்காகன்னு சொன்னா பொய். இந்திராணிக்குக் கையெழுத்துப் போட்டப்பவும் இப்படித்தான். அவ முறுக்கறதைப் பாக்க முடியாமதான் போட்டேன். ரெண்டு தடவையும் என் வலிக்குத்தானே நான் மருந்து கேட்டேன்?"

தையலம்மா கூடையைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"ரெண்டு தடவையும் உங்களுக்கும் வலிச்சுது, எதிர்ல கிடந்தவளுக்கும் வலிச்சுதுங்க ஐயா" என்றார். "மருந்து ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு. நீங்க அதை அவளுக்குக் கொடுத்துட்டீங்க."